காதுக்குள் ஒரு சிள்வண்டு

"அம்மா, இன்னும் கேக்குதா?"

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை ஒரு மூலையில் வீசிவிட்டு என் சின்னவன் கேட்கும் முதல் கேள்வி, 2023-ஆம் வருஷ தீபாவளிக்குப் பிறகு பல மாதங்கள் இதுவாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளையும் போல "சாப்பிட என்ன இருக்கு?" என்றுதான் கேட்டுக்கொண்டு வருவான். "இல்லேடா கண்ணா, நின்னு போச்சு" என்று நானும் வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும் அந்த நிமிஷம்கூட என் இடது காதுக்குள் அது 'ஙீ...' என்று பாடிக்கொண்டேதான் இருக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 12. அம்பத்தூர் வெங்கடாபுரத்தில் எங்கள் தெரு அதிக அகலமில்லாதது. இரண்டு பக்கமும் மாடி வீடுகள். ஓர் ஊசி வெடி வைத்தாலே நாலு வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். 2018-லிருந்து நம் ஊரில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று இரண்டு மணி நேரம்தானே அனுமதி! வாங்கியதையெல்லாம் அதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஒரே அவசரம். எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு சின்னவனும் எதிர் வீட்டுப் பையன்களும் தெருவில் நின்றார்கள். நான் அடுப்பில் இட்லியை வைத்துவிட்டு, கறிக் குழம்புக்குத் தாளித்துவிட்டு, "சாப்பிட வாங்கடா" என்று கூப்பிட வாசலுக்கு வந்தேன்.

அப்போது ஓர் அணுகுண்டு வெடிக்குத் திரி கொளுத்திக் கொட்டாங்குச்சியைப் போட்டு மூடிவிட்டு ஓடி வந்திருக்கிறான் என் பிள்ளை. திரி புகைந்து அணைந்த மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்தோம், இரண்டு நிமிஷம் பார்த்தோம்... சத்தமே இல்லை. "நமுத்துப் போச்சும்மா, இரு, எடுத்துட்டு வரேன்" என்று அவன் ஒரு காலை எடுத்து வைத்தான். அவ்வளவுதான், எனக்குப் பகீரென்றது. "நீ நில்லு, நான் தண்ணி ஊத்தறேன்" என்று அவனைப் பின்னால் தள்ளிவிட்டு, கையில் ஒரு சொம்பு தண்ணீரோடு நானே போனேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்ததுதான்! ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு, இன்னும் கால் மணி நேரம் பொறுத்து, தள்ளி நின்றபடியே வீசியிருக்கலாம். யார் யோசித்தார்கள்? நான் குனிந்தேன். அது வெடித்தது.

கடவுள் புண்ணியத்தில் உடம்பில் தீக்காயம் இல்லை. புதுச் சேலையின் முந்தானையில் இரண்டு பொட்டு ஓட்டை, அதோடு சரி. ஆனால் உலகமே ஒரு கணம் பஞ்சு மூட்டைக்குள் போய்விட்டது. சின்னவன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். அழுகிறான் என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், சத்தம் எட்டவில்லை. பத்து நிமிஷத்தில் வலது காது திறந்துகொண்டது. இடது காதில் மட்டும் ஒரு சத்தம் ஒட்டிக்கொண்டது. பழைய டியூப் லைட்டின் சோக் இரையுமே, அதோடு ஒரு சிள்வண்டையும் சேர்த்துக் கட்டிக் காதுக்குள் விட்டால் எப்படி இருக்கும், அப்படி.

இனிமேல் நான் செய்தது எல்லாம் செய்யக் கூடாதவை. அதனால்தான் வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பலகாரம் கொடுக்கப் போக வேண்டும், ஆவடியிலிருந்து என் தங்கை குடும்பத்தோடு வருகிறாள், நோன்புக்கு அதிரசம் சுட வேண்டும். "வெடிச் சத்தம்தானே, காலையில சரியாயிடும்" என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் திங்கட்கிழமையும் அரசு விடுமுறை. அத்தை, பாவம், பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு விட்டார்கள். இவர் மெடிக்கல் ஷாப்பில் காதுக்கு என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். எதிர் வீட்டு அக்கா, "பூச்சி ஏதாச்சும் உள்ள புகுந்திருக்கும், உப்புத் தண்ணி விட்டுப் பாரு" என்றார்கள். ஒன்றையும் நான் விடவில்லை! ஒவ்வொரு நாளும் 'நாளைக்குப் போகலாம்' என்று தள்ளி, ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமைதான் அண்ணா நகரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அதுவும் எதனால் தெரியுமா? போனை இடது காதில் வைத்தபோது தங்கையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது. பயந்துபோனேன்.

டாக்டர் அம்மா முனையில் விளக்கு வைத்த கருவியால் காதுக்குள் பார்த்தார்கள். "எண்ணெய் விட்டீங்களா?" என்றார்கள். தலையாட்டினேன். "செவிப்பறை கிழிஞ்சிருந்தா அந்த எண்ணெய் நேரா நடுக்காதுக்குப் போயிருக்கும். சீழ் பிடிச்சிருக்கும். உங்க அதிர்ஷ்டம், கிழியல" என்றார்கள். அதைக் கேட்டு அத்தையின் முகம் சிறுத்துப்போனது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் நாளில் அதுதான் மருந்து, அவர்கள் மீது என்ன தப்பு?

பிறகு சத்தம் நுழையாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். ஆடியோகிராம் என்று பெயர். வலது காதுக்குக் கோடு ஏறத்தாழ நேராகப் போயிற்று. இடது காதுக்கு, போய்க்கொண்டே இருந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் பள்ளத்தில் விழுந்து பிறகு கொஞ்சம் ஏறியது. "பெருஞ்சத்தத்துல அடிபட்ட காதுக்கு இந்த இடத்துல பள்ளம் விழறது வழக்கம்" என்று விளக்கினார்கள்.

உள்ளே என்ன நடந்தது என்று அவர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். நம் உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள். சத்தம் வந்து செவிப்பறையைத் தட்ட, மூன்று குட்டி எலும்புகள் அதை உள்ளே கடத்த, அங்கே இந்தச் செல்கள் வயலில் நாற்று ஆடுவது போல் ஆடித்தான் மூளைக்குச் செய்தி போகிறதாம். சத்தம் ரொம்ப அதிகமானால் காதுக்குள் ஒரு சின்னத் தசை எலும்பை இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். ஆனால் வெடியின் வேகத்துக்கு அந்தத் தசையால் முந்திக்கொள்ள முடியாது. நாற்று சாய்ந்துவிடும். கொஞ்சம் சாய்ந்தது நிமிரும்; அதனால்தான் கச்சேரிக்கோ திருவிழாவுக்கோ போய் வந்து இரையும் காது மறுநாள் சரியாகிவிடுகிறது. வேரோடு போனது போனதுதான். மனிதருக்கு அந்தச் செல்கள் திரும்ப முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கிறதாம்! 1980-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இதைக் கேட்டபோது எனக்குக் கோழியின் மேல் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

"செல்லு போச்சுன்னா சத்தம் கேட்காமல்தானே போகணும், இல்லாத சத்தம் எப்படி டாக்டர் கேக்குது?" என்றேன்.

"வீட்டுல பழைய ரேடியோ இருந்துச்சா? ஸ்டேஷன் சரியா கிடைக்கலைன்னா என்ன செய்வீங்க?"

"சத்தத்தைக் கூட்டி வைப்போம்."

"கூட்டினா?"

"உஸ்ஸுன்னு இரையும்."

"அதேதான். காதுலேர்ந்து செய்தி குறைஞ்சுடுச்சு. மூளை கூட்டி வைச்சுத் தேடுது. அந்த இரைச்சல்தான் இது."

எனக்கு அதற்குமேல் யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. சின்ன வயதில் அப்பா மர்ஃபி ரேடியோவின் காதைத் திருகித் திருகிச் சிலோன் ஸ்டேஷனைத் தேடுவது கண் முன்னால் வந்தது.

சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார்கள். முதலில் அதிகமாகவும் பிறகு நாளுக்கு நாள் குறைத்தும் சாப்பிட வேண்டும். (இதை யாரும் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள்; சர்க்கரையை ஏற்றிவிடும், வயிற்றைப் புண்ணாக்கும்.) "முதல் ரெண்டு மூணு நாள்லயே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார்கள். வந்திருந்தால் முழுக்கக் குணமாகியிருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாதாம். ஆனாலும் அந்த ஒன்பது நாளை நினைத்து நான் நொந்துகொண்டது கொஞ்சமா நஞ்சமா! அதிரசம் ஒரு நாள் தள்ளிப் போனால் குடியா முழுகிவிடும்?

மருந்தில் காதடைப்பு பாதிக்கு மேல் குறைந்தது. தங்கையின் குரல் கிணற்றிலிருந்து மேலே ஏறி வந்துவிட்டது. சிள்வண்டு மட்டும் போகவில்லை.

வீட்டு வேலை செய்கிறவளுக்கு இது என்ன அவஸ்தை என்பது நம்மைப் போன்றவர்களுக்குத்தான் புரியும். குக்கர் விசில் அடித்தால் காதுக்குள் ஊசி இறங்கும். மிக்ஸியைப் போட்டால் பல் கூசும். எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் ஐயோ என்று சுவரைப் பிடித்துக்கொள்வேன். சத்தத்துக்குப் பயந்து நாள் முழுக்கக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு திரிந்தேன். அடைத்தால் வெளிச் சத்தம் குறையும், உள் சத்தம் பெரிதாகும்! ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு நானும் அதுவும் மட்டும் விழித்திருப்போம். பகலில் தூக்கக் கலக்கத்தில் சின்னவன் மேல் எரிந்து விழுவேன். அவன் பதில் பேச மாட்டான். முன்பெல்லாம் ஒன்றுக்கு நாலு பேசுகிற பிள்ளை! அதுதான் எனக்கு இரைச்சலைவிடப் பெரிய பயமாக இருந்தது.

அப்போதுதான் மிக்ஜாம் புயல் வந்தது. அந்த டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழை உங்களில் பலருக்கும் மறந்திருக்காது. கொரட்டூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர்; எஸ்டேட்டில் மிஷின்கள் முழுகிக் கிடந்தன. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் கிடையாது. மழை விட்ட பிறகு அந்த ராத்திரி ஒரு நிசப்தம் வந்தது பாருங்கள்... ஃபேன் ஓடவில்லை, டி.வி. இல்லை, தெருவில் வண்டி இல்லை, ஃபிரிட்ஜின் முனகல்கூட இல்லை. அந்த நிசப்தத்தில் என் காது ஒரு ரைஸ் மில்லாக மாறிவிட்டது. எழுந்து உட்கார்ந்து, இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இவர் எழுந்துவிட்டார். "என்ன, காதா?" என்றார்.

"பைத்தியம் பிடிச்சுடும் போல இருக்குங்க. உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் கேக்குதே" என்றார்.

"என்ன கேக்குது?"

"நீ சொல்ற அந்தச் சத்தம்தான். ரெண்டு காதுலயும். இருபது வருஷமாக் கேக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டியவர். தகட்டை வைத்து, மிதியை மிதித்தால் 'டங்' என்று அச்சு இறங்கும்; ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தனை ஆயிரம் 'டங்' என்று அவருக்கே கணக்குத் தெரியாது. காதுக்கு ஒன்றும் போட்டுக்கொண்டதில்லை. சில பேர் மிஷின் துடைக்கும் வேஸ்ட் பஞ்சைத் திணித்துக்கொள்வார்களாம், அது பெயருக்குத்தான். என் காதை ஒரே அடி அடித்துச் சாய்த்தது வெடி. இவர் காதைத் தினம் கொஞ்சமாகத் தேய்த்தது பிரஸ்.

"ஏங்க சொல்லவேயில்லை?"

"எல்லாருக்கும் அப்படித்தான் கேக்கும்னு நெனச்சேன். ராத்திரி ஆனா காது கத்தும், அது எல்லா உடம்புக்கும் உள்ளதுன்னு இருந்துட்டேன்."

அந்த இருட்டில் எத்தனை வருஷத்துச் சண்டைகள் எனக்கு ஞாபகம் வந்தன தெரியுமா? 'டி.வி.யை ஏன் இப்படி அலற விடுறீங்க?' 'கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்களா?' 'கேஸ் தீர்ந்து போச்சு' என்று நான் சொன்னால் 'கேட் தொறந்தா கிடக்கு?' என்று அவர் கேட்பதும், வேண்டுமென்றே நையாண்டி செய்கிறார் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும்... செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அவர் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். என்ன வாய் எனக்கு!

அப்படிப் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துக் காலி மனைத் தண்ணீரில் தவளைகள் ஆரம்பித்தன. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு ஊர்த் தவளை பூராவும். டாக்டர் அம்மா 'ராத்திரி முழு அமைதி வேண்டாம், ஏதாவது மெல்லிசான சத்தம் இருக்கட்டும்' என்று சொன்னபோது, இருக்கிற சத்தம் போதாதா என்று நான் அலட்சியமாக இருந்துவிட்டேன். அன்று தவளைச் சத்தத்துக்குள் என் சிள்வண்டு போய்க் கரைந்துகொண்டதை நானே உணர்ந்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

கரண்ட் வந்த பிறகு அதையே வழக்கமாக்கிக்கொண்டேன். தலைமாட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய டேபிள் ஃபேன். அதன் 'விர்'ரில் இரைச்சல் மூழ்கிவிடக் கூடாது, லேசாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் மூளை அதைப் பழகி ஒதுக்கும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. பகலில் ரேடியோவை மெதுவாக ஓட விடுகிறேன். மிக்ஸிக்கு அடியில் நாலாக மடித்த பழைய துண்டு; பாதிச் சத்தம் மேடைக் கல் அதிர்வதால் வருவது, அது அடங்கிவிடுகிறது. குக்கரில் விசில் வரும் சமயம் அடுப்படியை விட்டு ஓடாமல் கொஞ்சம் தள்ளி நின்று பழகினேன். பஞ்சை எடுத்து எறிந்துவிட்டேன். நாளெல்லாம் அடைத்து வைத்தால் காதுக்குச் சத்தம் தாங்கும் சக்தி இன்னும் குறையும் என்றும், பெருஞ்சத்தம் உள்ள இடத்துக்கு மட்டும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் அடைப்பான் போதும் என்றும் சொன்னார்கள். பஞ்சு அதற்கு ஈடாகாது. அந்த அடைப்பானையும் விரலால் ஒல்லியாக உருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து நுழைக்க வேண்டும். சும்மா வாசலில் ஒட்டிக்கொண்டால் பிரயோஜனமில்லை.

காபியை விடச் சொல்லி ஊரே சொன்னது. டாக்டரைக் கேட்டேன். காபியை நிறுத்தினால் இரைச்சல் நிற்கும் என்பதற்கு நிரூபணம் கிடையாது என்றார்கள். அப்பாடா! அந்த டாக்டர் அம்மா நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஆனால் ஆஸ்பிரின் அதிகமாகச் சாப்பிட்டாலும், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் மாதிரி சில ஊசி மருந்துகளாலும் காது இரையலாம், கேட்கும் சக்தி குறையலாம் என்பதால், எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் 'எனக்குக் காது இரையுது' என்று முதலில் சொல்லிவிடச் சொன்னார்கள்.

கல்லூரியில் படிக்கும் பெரியவள் ஒருநாள், "அம்மா, பீத்தோவனுக்குக்கூட இருந்துச்சாம். ராத்திரி பகலா காது இரையுதுன்னு 1801-ல சிநேகிதருக்குக் கடுதாசி எழுதியிருக்காராம்" என்றாள். அவருக்கு வந்தது வெடியால் இல்லை, வேறு ஏதோ வியாதி. அவ்வளவு பெரிய சங்கீதக்காரர் அந்த இரைச்சலோடு அத்தனை சங்கீதம் எழுதினாரே என்று அவள் தைரியம் சொன்னாள். 'எனக்கு ரசம் வைக்கவே முடியலையேடி' என்று சொல்லிச் சிரித்தேன். அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு வீட்டில் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரியில் மறுபடியும் டாக்டரிடம் போகும்போது அவனையும் கூட்டிப் போக வேண்டியதாயிற்று. "இந்தச் சத்தம் முழுக்கப் போகுமா?" என்று நான் கேட்க, "சில பேருக்குப் போகலாம். உங்களுக்கு மூணு மாசம் தாண்டிடுச்சு, லேசா இருந்துக்கிட்டே இருக்கலாம். ஆனா தொந்தரவு குறையும்" என்று அவர்கள் சொன்னது, கதவோரம் உட்கார்ந்திருந்த இவன் காதில் விழுந்துவிட்டது. பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டான்: "நின்னு போச்சுன்னு சொன்னே?"

நான் என்ன சொல்வது? பிள்ளைக்கு மனசு கஷ்டப்படக் கூடாது என்று சொன்ன பொய், அவன் இத்தனை நாளும் அதை நம்பாமலேதான் தினம் தினம் கேட்டிருக்கிறான். உட்கார வைத்து உள்ளதைச் சொன்னேன். "கேக்குதுடா. இப்பவும் கேக்குது. ஆனா முன்னே நாள் பூரா கேட்டுச்சு. இப்ப சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, உன்னோட பேசும்போதெல்லாம் மறந்து போகுது. நீ கேட்கும்போதுதான் ஞாபகம் வருது!"

"நான்தானே பத்த வச்சேன்."

"பத்த வச்சது நீ. கிட்டப் போனது நான். நான் போகாட்டி நீ போயிருப்பே. என் காது நாற்பத்தஞ்சு வயசுக் காது. உன் காது இன்னும் எவ்வளவு காலம் உழைக்கணும்?"

அழுதான். நானும் அழுதேன். அதன் பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டான். சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தான்.

வெடியைப் பற்றி அவனே பள்ளிக்கூடத்தில் விசாரித்து வந்து எனக்குச் சொன்னான். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் போடும் பட்டாசைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று 1999-லேயே சட்டம் வந்திருக்கிறது. 4 மீட்டர் என்றால் 13 அடி. நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல். 10 டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு என்று கணக்கு. தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் ஏறும்; ஆகவே சட்டத்துக்கு உட்பட்ட வெடியே, ஒரு மீட்டர் கிட்டத்தில் குனிகிறவளுக்கு 137 ஆகிவிடுகிறது. பெட்டியில் 125 என்று எழுதியிருப்பது 13 அடி தள்ளி நிற்பவர்களுக்குத்தான் என்பதை நாம் யார் பார்க்கிறோம்? 2018-ல் சுப்ரீம் கோர்ட் சரவெடியைத் தடை செய்தும்கூட, எங்கள் தெருவில் அது சிவப்புக் கம்பளம் மாதிரி நீளமாகக் கிடக்கத்தான் செய்கிறது. அதை எழுதினால் எதிர் வீட்டு அண்ணன் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன்.

கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்களுக்கு ஒன்று மட்டும். பெரியவர்களுக்குக் காது இரைந்தால் வாய்விட்டுச் சொல்வோம். குழந்தை அழும், அவ்வளவுதான். 'பயம் போகட்டும்' என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று வெடி காட்டாதீர்கள். உள்ளறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவில் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் பாய் விரித்துக் குழந்தையைத் தூங்க வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். என் பெரியவளை நானே அப்படித் தூங்க வைத்தவள்தான். பொட்டு வெடித் துப்பாக்கியை ஒருவன் காதோரம் இன்னொருவன் வைத்துச் சுடுவதும், பலூனைக் காதருகே உடைப்பதும் விளையாட்டில் சேர்த்தி இல்லை. பெரிய சத்தத்துக்குப் பிறகு காது அடைத்துக்கொண்டு ஒரு நாளுக்குமேல் இரைந்தாலோ, காதில் ரத்தம் வந்தாலோ, தலை சுற்றினாலோ, சத்தம் நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல் அன்றே டாக்டரிடம் போங்கள். வெடி ஒன்றும் இல்லாமல் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அதற்கும் அதே அவசரம்தான்.

2024 தீபாவளி அக்டோபர் 31-ல் வந்தது. சின்னவன் தெருவில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டான். அதிலிருந்து டேப் வைத்து அளந்து ஒரு கோடு. எதிர் வீட்டுப் பையன்களையும் அந்தக் கோட்டுக்கு அப்பால் நிறுத்தினான். புஸ்வாணமும் சங்குசக்கரமும்தான் இவன் வாங்கியது. மற்றவர்கள் வெடிக்கு நான் ஃபோம் அடைப்பானோடு மாடியிலிருந்து பார்த்தேன். பயந்துகொண்டே பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நமுத்துப் போன ஒன்றுக்கு அவன் யாரையும் விடாமல் காவல் நின்று, வாளித் தண்ணீரைத் தள்ளி நின்று ஊற்றினான்.

இவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். இரண்டு காதிலும் பள்ளம். என்னுடையதைவிடப் பெரிய பள்ளம். இரைச்சலால் வரும் காது மந்தம், தொழிலால் வரும் நோய்களின் பட்டியலிலேயே இருக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அத்தனை வருஷமும் 'காது எப்படி இருக்கு?' என்று அவரைக் கேட்டவர் ஒருவருமில்லை, நான் உள்பட. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியின் விலையைக் கேட்டு, "வேண்டாம், இந்தக் காதே போதும்" என்று எழுந்துவிட்டார். சீட்டுப் பணம் எடுத்து வாங்கினேன். வெளிச் சத்தம் ஒழுங்காக உள்ளே போனால் மூளை கூட்டி வைத்துத் தேட வேண்டியதில்லை, இரைச்சலும் மட்டுப்படும் என்றார்கள். அவருக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. முதல் இரண்டு வாரம் 'சேலை சரசரங்குது, பேப்பர் கத்துது' என்று புகார். இப்போது டி.வி. மெதுவாக ஓடுகிறது.

இதைக் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். சிள்வண்டு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. எழுத உட்கார்ந்ததால் வந்துவிட்டது. உள்ளேயிருந்து இவர் குரல் கொடுக்கிறார்:

"ஏய், மூணு விசில் ஆயிடுச்சு. அடுப்பை அணைக்கலையா?"